ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு: பதிவுத் திகதி

கோயில் கீழ் மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடைபெற்று வரும் பெற்றோர் வகுப்பைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பல தடவை கேட்டுவிட்டனர். அங்கே பெற்றோர் மனம் விட்டுச் சொல்பவை அங்கேயே இருக்க வேண்டியவை என்பதால் இதுவரை தயங்கினோம். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக வருகின்ற தாய் தகப்பன்மார் அதே ஐந்தாறு கேள்விகளைத்தான் கேட்கின்றனர். அவற்றுக்கான பதில்களை ஒரு பாடமாக எழுதி வைத்தால், மண்டப வாசல் வரை வந்து காருக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போகின்றவர்களுக்கும் உதவும். அப்படித் திரும்பிப் போனவர்களில் நாமும் அடக்கம்.

எமது மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. 2016ஆம் ஆண்டு, அவனுக்கு நான்கு வயதாக இருக்கையில், ஓட்டிசம் என்று வைத்தியர் எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தோடு நிரப்ப வேண்டிய படிவங்களும் கைக்கு வந்தன. தொழிலால் நாம் கணக்காளர். மாசி பங்குனி மாதங்களில் ஊரவர்களின் வரிப் படிவங்களை நள்ளிரவு தாண்டியும் நிரப்புகின்ற கை, சொந்தப் பிள்ளையின் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. “நீயும் மூண்டு வயசு தாண்டித்தானே கதைச்சனீ, அவனும் கதைப்பான்” என்று அம்மா சொன்னார். அதை நம்பிக்கொள்வது வசதியாக இருந்தது. 2018இல்தான் அந்த லாச்சி திறந்தது.

ஏன் பூட்டினோம் என்று பின்னர் வீட்டுக்காரியோடு பல இரவுகள் கதைத்திருக்கின்றோம். வெட்கம் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. இன்னொரு காரணம், எம்மைப் போல அகதியாக வந்தவர்களுக்கு உடனே விளங்கும். ஊரில் ஒரு பட்டியலில் பெயர் இருக்கின்றது என்றாலே நெஞ்சு பதறும். முகாமில் பதிந்த பெயர், சோதனைச் சாவடியில் எழுதிய பெயர், வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போன பெயர், எதுவும் நன்மைக்கு எழுதப்படவில்லை. அரசாங்கக் காகிதத்தில் பிள்ளையின் பெயரை ‘குறைபாடு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதக் கை மறுத்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்தான். இந்த நாட்டில் கணக்கு மறுபக்கம் என்பதை விளங்கிக்கொள்ள எமக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் எதைத் திரும்பப் பெற முடிந்தது, எது போனது போனதுதான் என்பதே இக்கட்டுரையின் பாடம்.

முதலில், ஓட்டிசம் என்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இது மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு பேசிப் பழகுவதிலும், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை உணர்வதிலும் அந்த வேறுபாடு தெரியும். 1943இல் அமெரிக்காவின் பால்ரிமோரில் லியோ கானர் என்ற வைத்தியர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பின் இருபது வருடத்துக்கு மேலாக, பிள்ளையிடம் பாசம் காட்டாத தாயே காரணம் என்று படித்தவர்களே எழுதினார்கள். 1964இல் பேர்னாட் றிம்லன்ட் என்பவர், தானே ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், இது உடலோடு பிறந்த காரணத்தால் வருவது என்று ஒரு நூலே எழுதி அந்தப் பழியை மறுத்தார். மேல்நாட்டார் கைவிட்ட அந்தப் பழியை எம்மவர்கள் இன்னும் கைவிடவில்லை. கர்ப்பகாலத்தில் வேலைக்குப் போனவள், கிரகணத்தில் வெளியே வந்தவள், பிள்ளைக்குக் கைத்தொலைபேசி கொடுத்தவள் என்று எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ‘அவள்’ என்றுதான் முடிகின்றது. தடுப்பூசியால் வருகின்றது என்று 1998இல் லண்டனில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. இவ்விடயத்தில் இனிப் பேச எதுவும் இல்லை.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் உள்ள விடயமும் அல்ல. 2019இல் நடத்தப்பட்ட கனேடிய அரசின் கணக்கெடுப்பின்படி 1 வயது முதல் 17 வயது வரையான ஐம்பது பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு ஓட்டிசம் எனக் கண்டறியப்பட்டுள்ளது. தேர்த் திருவிழாவுக்கு வருகின்ற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, பேசிய சொற்கள் திடீரென நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். ஒன்ராறியோவில் பதினெட்டு மாதத்தில் குடும்ப வைத்தியரிடம் ஒரு விசேட பரிசோதனை உண்டு. அந்த நாளை ஊசி போடும் நாளாக மட்டும் எண்ணாமல், மனதில் உள்ள சந்தேகத்தை அங்கே சொல்லுங்கள். செவிப்புலன் பரிசோதனையும் கேளுங்கள்.

இனிக் காத்திருப்போர் பட்டியல். ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டம் மாகாண அரசினுடையது. 18 வயதுக்குட்பட்டு, இந்த மாகாணத்தில் வசித்து, தகுதியுள்ள நிபுணர் எழுதிய கடிதம் வைத்திருந்தால் பதியலாம். இதன் விதிகள் எத்தனையோ தடவை மாறிவிட்டன, இனியும் மாறலாம். சிகிச்சைக்கான பணத்துக்கு அழைப்பு வரப் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருக்கின்றன. அந்த அழைப்பு பதிவு செய்த திகதியின் வரிசைப்படி வருகின்றது. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று கண்டறிந்த திகதியின்படி அல்ல, நீங்கள் பதிந்த திகதியின்படி. எமது கடிதம் 2016, எமது பதிவு 2018. அதற்குள் பதிந்த எல்லோருக்கும் பின்னால் நின்றோம். அந்த இரண்டு வருடத்தை எந்த அலுவலகமும் திருப்பித் தராது. 18ஆவது பிறந்தநாளோடு இத்திட்டமும் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பதிந்தவுடன் கிடைப்பவையும் உண்டு. பெற்றோருக்கான வகுப்புகள், ஆலோசனை, குடும்பங்கள் ஒன்றுகூடும் நிகழ்ச்சிகள் முதலியன, பதிவு செய்த எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசம். இவற்றுக்கு அந்த நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை. “பணம் வரும்போது பார்ப்போம்” என்று இருப்பவர்கள் இவற்றையும் விட்டுவிடுகின்றார்கள். ஸ்காபரோவில் எம்மைப் போன்ற தென்னாசியக் குடும்பங்களுக்காக 2008இல் தொடங்கப்பட்ட தென்னாசிய ஓட்டிசம் விழிப்புணர்வு நிலையமும் உண்டு. எமது மொழியில் எமது நிலைமையை விளக்க வேண்டிய கஷ்டம் அங்கே குறைவு.

அடுத்தது வரி. இதில் எமக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுத ஆசை, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எல்லாவற்றுக்கும் திறப்பு ஒரே படிவம், ரி 2201. இது ‘டிசெபிலிற்றி ரக்ஸ் கிரெடிற்’ என்ற வரிச்சலுகைக்கான விண்ணப்பம். ஒரு பகுதியைப் பெற்றோரும், மறு பகுதியை வைத்தியர், தாதி மருத்துவர் அல்லது உளவியலாளரும் நிரப்ப வேண்டும். ஓட்டிசம் என்ற பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அன்றாட வாழ்வில் எவ்வளவு தடங்கல் என்பதையே வருமான வரித் திணைக்களம் பார்க்கின்றது. தடங்கல் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் இருக்க வேண்டும் என்பது அவர்களின் அளவுகோல். எம்மவர்களின் படிவங்கள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். வைத்தியர் “எப்படி இருக்கின்றான்?” என்று கேட்டால், “பரவாயில்லை டொக்டர், நல்ல பிள்ளை” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வைத்தியரும் அதையே எழுதுவார். ஆகவே போவதற்கு முன், காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை பிள்ளைக்கு எதற்கெல்லாம் உதவி தேவைப்படுகின்றது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பல் துலக்க எத்தனை நிமிடம், எத்தனை தடவை சொல்ல வேண்டும், தெருவில் கையை விட்டால் என்ன நடக்கும், எல்லாம் எழுதுங்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுவது வயிற்றைப் பிசையும். நாம் எழுதிய அன்று இருவரும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இந்தச் சலுகை அங்கீகரிக்கப்பட்டால் பத்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆகவே எமது லாச்சியில் கிடந்த இரண்டு வருடப் பணம் முழுமையாகத் திரும்பி வந்தது. பழைய வருடங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டி வரலாம், அதை மறக்க வேண்டாம். வரித் திணைக்களம் பின்னோக்கிப் பார்க்கும், காத்திருப்போர் பட்டியல் பார்க்காது. இரண்டையும் ஒன்றாக எண்ணி “பிறகு செய்தாலும் கிடைக்கும்தானே” என்று யாரேனும் சொன்னால், பாதி மட்டுமே உண்மை. இப்படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லி, வருகின்ற பணத்தில் ஒரு பங்கு கேட்கின்ற முகவர்களும் இருக்கின்றார்கள். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. வைத்தியர் எழுதுவதற்கு எடுக்கும் கட்டணம் மட்டும் இருக்கலாம்.

இச்சலுகை கிடைத்ததும் பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவோடு மேலதிகமாக ஒரு தொகை சேரும். 2025 யூலை தொடக்கம் 2026 யூன் வரையான ஆண்டுக்கு அது ஒரு பிள்ளைக்கு 3,411 டொலர் வரை. குடும்ப வருமானம் கூடினால் தொகை குறையும். கணவன் மனைவி இருவரும் வருடாந்தம் வரிப் படிவம் அனுப்பினால்தான் இது தொடரும். வேலை இல்லாத வருடமும் அனுப்ப வேண்டும்.

இதைவிடப் பெரியது ஆர்.டி.எஸ்.பி. எனப்படும் சேமிப்புத் திட்டம். 2008இல் தொடங்கியது. எமது வகுப்புக்கு வருகின்றவர்களில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டிருப்பதில்லை. வங்கியில் பிள்ளையின் பெயரில் தொடங்கலாம். குறைந்த அல்லது நடுத்தர வருமானக் குடும்பம், வருடத்தில் 1,500 டொலர் போட்டால், அரசாங்கம் முதல் 500 டொலருக்கு மும்மடங்கும் அடுத்த 1,000 டொலருக்கு இருமடங்கும், ஆக 3,500 டொலர் போடுகின்றது. இருபது வருடம் இப்படிப் போட்டால் எமது பணம் 30,000, அரசாங்கத்தின் பணம் 70,000. அதுவே மானியத்தின் உச்ச வரம்பு. வட்டி இலாபம் வேறு. கையில் ஒரு சதமும் இல்லாத குடும்பமாயினும், கணக்கைத் தொடங்கி வைத்தாலே, வருமானம் குறைவென்றால் வருடம் 1,000 டொலர் வரை பிணைமுறிப் பணம் வரும். அதன் உச்சம் 20,000. தவறவிட்ட வருடங்களுக்கும் பத்து வருடம் வரை பின்னோக்கிப் பெற வழியுண்டு. ஒரு கட்டுப்பாடு: அரசாங்கம் போட்ட பணம் பத்து வருடம் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால், எடுக்கின்ற ஒவ்வொரு டொலருக்கும் மூன்று டொலர் வரை திருப்பிக் கொடுக்க நேரும். ஆகவே வீடு வாங்க முற்பணம் என்று இதில் கை வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் தொடங்க வேண்டாம்.

வகுப்பில் கடைசியாக, எல்லோரும் எழும்பிக் கதிரை அடுக்குகின்ற நேரத்தில், யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார்: “எங்களுக்குப் பிறகு?” ஒரு முறை ஒரு தகப்பன், தன்னுடைய வீட்டை முழுவதும் மூத்த மகளின் பெயருக்கு எழுதிவிட்டதாகவும், அவள் தம்பியைப் பார்ப்பாள் என்றும் சொன்னார். மகளிடம் கேட்டீர்களா அண்ணை என்றோம். கேட்கவில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மகனின் பெயருக்கு நேரடியாக எழுதினாலும் சிக்கல்தான், ஏனெனில் 18 வயதுக்குப் பின் அவன் பெறக்கூடிய மாகாண உதவிப் பணம் சொத்தின் அளவைப் பார்க்கும். ஆர்.டி.எஸ்.பி. பணத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். மற்றச் சொத்துக்கு ‘ஹென்சன் ட்ரஸ்ட்’ என்ற முறையில் மரணசாசனம் எழுதலாம். ஒரு தகப்பன் தன் மகளுக்காக எழுதி வைத்த இத்தகைய பொறுப்பு நிதி செல்லும் என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. இதை வழக்கறிஞர்தான் எழுத வேண்டும். நூறு டொலர் மிச்சம் பிடிக்கக் கடையில் வாங்கும் மரணசாசனப் படிவம் இதற்கு உதவாது.

குடிவரவுப் பயம் பற்றியும் சொல்ல வேண்டும். “பிள்ளைக்கு இப்படி என்று எழுதினால் நிரந்தர வதிவிடம் தர மாட்டார்கள்” என்ற கதை எமது சமூகத்தில் சுற்றுகின்றது. பொதுப் பணத்துக்கு மிகையான செலவு வரும் என்று மருத்துவக் காரணத்தால் மறுக்கின்ற ஒரு பிரிவு குடிவரவுச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும், அவர்களுடைய மனைவி பிள்ளைகளுக்கும், அந்தப் பிரிவு பொருந்தாது. சட்டத்திலேயே விலக்கு உண்டு. மற்றவர்களுக்கும் 2018இல் அது தளர்த்தப்பட்டது. செலவு வரம்பு மும்மடங்காக உயர்த்தப்பட்டு, பாடசாலையில் கிடைக்கும் விசேட கல்வி கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. வேறு வகையில் விண்ணப்பித்தவர்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். தேநீர்க் கடையில் கேட்க வேண்டாம்.

பணக் கதை போதும். வகுப்பில் பாதி நேரம் பிள்ளையோடு இருப்பது எப்படி என்பதைத்தான் படிக்கின்றோம். அங்கே பயிற்றுநர் எமக்கு முதலில் கற்றுத் தந்தது, ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரிப்பது. முன்னே என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னே என்ன நடந்தது. கணக்குப் புத்தகம் போலவே. ஒரு தாய் இந்த மண்டபத்துக்கு வந்த புதிதில், தன்னுடைய மகன் வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் வந்ததும் கத்திக்கொண்டு வெளியே ஓடுவதாகச் சொன்னார். மணிச் சத்தம் என்று எல்லோரும் நினைத்தோம். காது மூடி வாங்கிக் கொடுத்தும் ஓடினான். ஆறு வெள்ளிக்கிழமை எழுதிப் பார்த்ததில், அவன் ஓடியது மணி அடிக்கும்போது அல்ல, கால் கழுவிவிட்டு ஈரத் தரையில் கால் வைத்ததும். பனிக்காலத்தில் அந்தக் கல் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகத்தினரிடம் கேட்டோம். சுத்தமான புதுக் காலுறையோடு வரட்டும் என்றார்கள். இப்போது நவக்கிரகம் சுற்றும் வரை நிற்கின்றான். முன்பு அவனைப் பார்த்து “அடக்கத் தெரியாத பிள்ளை” என்று சொன்ன பெரியவர் ஒருவரே காலுறைச் சோடி ஒன்றை அர்ச்சனைத் தட்டோடு வாங்கி வந்து கொடுத்தார்.

பட அட்டைகளும் அங்கே படித்ததுதான். செருப்பு, கார், கோபுரம், திருநீறு, பிரசாதம், திரும்ப வீடு என்று ஆறு படங்கள் ஒரு கயிற்றில். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பிள்ளையின் பயம் குறைகின்றது. சனக்கூட்டம் இல்லாத காலைப் பூசைக்கு முதலில் கொண்டுவந்து, ஒரு சுற்று மட்டும் சுற்றி, சந்தோஷமாக இருக்கும்போதே திரும்புவது நல்லது. எல்லாம் ஒரே நாளில் காட்ட வேண்டும் என்று நின்றால் அடுத்த முறை காரை விட்டு இறங்க மாட்டான்.

மொழி பற்றிய கேள்வி தவறாமல் வரும். வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசும்படி எமக்கும் ஒருவர் சொன்னார். ஆறு மாதம் அப்படிச் செய்தோம். அப்பம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் அந்த ஆறு மாதமும் பேரனோடு பேசாமலே இருந்தார். இரு மொழிச் சூழலில் வளர்கின்ற ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பிந்துவதில்லை என்று மொன்றியல் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு சொல்கின்றது. வேறு ஆய்வுகளும் அதையே காட்டின. எமது மகன் வாக்கியமாகச் சொன்ன முதல் சொற்கள் “அப்பம்மா தண்ணி தா”. அப்போது அவனுக்கு ஏழு வயது.

பாடசாலை விடயம் தனிக் கட்டுரையாக வர வேண்டியது. இப்போதைக்கு இது மட்டும்: கேட்பதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள், திகதி போட்டுப் பிரதி வைத்திருங்கள். கூட்டத்தில் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியைப் பற்றி ஆசிரியர் சொல்கின்ற கடுமையான சொற்களை அக்காவின் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வைப்பது பெரிய பாரம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அக்காமாரின் கலியாணப் பேச்சு குழம்பும் என்பதற்காகத் தம்பியை மறைத்து வைத்திருக்கின்ற வீடுகளை அறிவோம். யாரையும் குறை சொல்ல எமக்குத் தகுதி இல்லை, லாச்சிக் கதையை மேலே எழுதிவிட்டோம். மறைத்து வைத்தாலும் பதிவை மட்டும் செய்துவிடுங்கள். அந்தப் பட்டியலைக் கோயிலில் ஒட்ட மாட்டார்கள்.

அடுத்த வகுப்பு வழக்கம்போல மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு. வைத்தியரின் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சமூகக் காப்புறுதி இலக்கம், கடைசி இரண்டு வருட வரி மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் அன்றே உங்களோடு இருந்து படிவங்களை நிரப்பித் தருவோம், கட்டணம் இல்லை. கடிதம் இன்னும் கிடைக்காதவர்களும் வரலாம். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் உயர்தரப் பாடசாலை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தங்களுடைய 40 மணித்தியாலத் தொண்டுக்காக வந்தவர்கள், அது முடிந்தும் போகாமல் நிற்கின்றார்கள். பிள்ளை சத்தம் போடுவான் என்று தயங்க வேண்டாம், அந்த நேரம் மேலே நாதஸ்வரமும் தவிலும் நடக்கும், யாருக்கும் கேட்காது.